முதலில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்
பழைய கார் பார்க்கும் பட்டறைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



பதினைந்து இருபது வயதான பெட்ரோல் கார் ஒன்று பட்டறைக்கு வருகிறது. சிக்னலில் நின்றால் உதறுகிறது. ஏசி போட்டால் சில நேரம் அணைந்தே போகிறது. டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு. ஸ்கேனர் போட்டால் பி0011. ‘வி.வி.டி போயிடுச்சு சார்’ என்ற பேச்சு அடுத்த ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அன்றைக்கு ஆயில் கண்ட்ரோல் வால்வு மாறும். விளக்கு மறுபடி எரிந்தால் கேம் சென்சார் மாறும். அதற்கும் அடங்காவிட்டால் டைமிங் செயின் செட்டும் கேம் கியரும் சேர்ந்து மாறும். இவ்வளவுக்கும் நடுவில் பானட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை ஒருமுறை உருவிப் பார்க்க யாருக்கும் தோன்றாமல் போவதுண்டு.

அந்த ஒரு நிமிட வேலையில் தொடங்கும் சோதனை வரிசையைப் பற்றியது இந்த மடல். சோதிப்பதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள் என்பதும் இதில் உள்ள வேண்டுகோள்.

பி0011 சொல்வது இவ்வளவுதான்: இன்டேக் கேம் ஷாஃப்ட், கம்ப்யூட்டர் கேட்ட கோணத்தைவிட முன்னால் நிற்கிறது, அல்லது சொன்னபடி நகரவில்லை. ஏன் நகரவில்லை என்பது அந்தக் கோடுக்குத் தெரியாது. ஆயில் குறைந்திருக்கலாம், தடித்திருக்கலாம், சல்லடை அடைத்திருக்கலாம், வால்வு சிக்கியிருக்கலாம், செயின் நீண்டிருக்கலாம், கேம் கியருக்குள் தேய்மானம் இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

வி.வி.டி, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் தொழில்நுட்பம், நேற்று வந்ததல்ல. 1980இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் கேம் கோணத்தை மாற்றிக் காட்டியது. ஹோண்டாவின் விடெக் 1989இலும், பி.எம்.டபிள்யூவின் வானோஸ் 1992இலும் வந்தன. டொயோட்டாவின் விவிடி-ஐ 1990களின் நடுவில் வந்தது. இந்தியாவில் 2003இல் இறங்கிய கொரோலா, 2008இல் வந்த ஐ-விடெக் சிட்டி, 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் எல்லாமே இந்த வகைதான். அவற்றில் பெரும்பாலானவை கம்பெனி சர்வீஸை விட்டு வெளியே வந்து, தெருமுனைப் பட்டறைகளை நம்பி ஓடுகின்றன. ஆகவே இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் தெருமுனைப் பட்டறைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. பழைய இன்ஜின்களில் இந்தப் பிணைப்பு இறுக்கமானது. 800 ஆர்பிஎம்மிலும் 6000 ஆர்பிஎம்மிலும் வால்வுகள் ஒரே கோணத்தில்தான் திறக்கும். வி.வி.டி இன்ஜினில் கேம் கியருக்குள் சிறகுகள் கொண்ட ரோட்டர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சிறகின் இரு பக்கமும் ஆயில் அறைகள். ஒரு பக்கம் ஆயில் நிரம்பினால் கேம் முன்னால் நகரும், மறுபக்கம் நிரம்பினால் பின்வாங்கும். எந்தப் பக்கம் நிரப்புவது என்பதை ஆயில் கண்ட்ரோல் வால்வு, பட்டறைப் பேச்சில் ஓசிவி, முடிவு செய்கிறது. கேம் எங்கே நிற்கிறது என்று கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் சேர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் இருக்காது என்பதால் ரோட்டர் ஆடாமலிருக்க உள்ளே ஒரு பூட்டு ஊசி உண்டு. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி அது ரோட்டரைப் பிடித்து வைத்து, அழுத்தம் ஏறியதும் விலகும்.

இதில் கவனிக்க வேண்டியது, கேமைத் திருப்பும் விசை முழுவதும் ஆயிலிலிருந்தே வருகிறது என்பதுதான். இந்த இன்ஜினில் ஆயிலின் வேலை தேய்மானத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எனவே ஆயிலின் அளவு, தடிமன், சுத்தம் மூன்றும் வி.வி.டியின் பாகங்கள் என்றே கருதப்பட வேண்டும்.

ஸ்கேனரைச் செருகும் முன்பே கார் நிறையச் சொல்லிவிடும். இன்டேக் கேம் முன்னால் போய்ச் சிக்கினால், எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். ஐட்லிங்கில் எரிந்த புகை திரும்ப உள்ளே புகுந்து புதுக் காற்றோடு கலந்துவிடும். அதனால்தான் உதறல், அதனால்தான் வண்டியை நிறுத்தப் போகும்போது அணைகிறது. அதே கார் நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடும். கேம் பின்னால் சிக்கினால் கதை தலைகீழ். ஐட்லிங் பட்டுப்போல இருக்கும், ஆனால் மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இருக்காது, மைலேஜ் குறையும். இந்த இரண்டாவது வகை உரிமையாளர்கள் பலரும் ‘வண்டிக்கு வயசாயிடுச்சு’ என்று சொல்லி, பழுது என்றே அறியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐட்லிங்கில் உதறுகிறதா, ஓட்டத்தில் இழுக்கவில்லையா என்ற ஒரு கேள்வியை உரிமையாளரிடம் கேட்டாலே பாதி திசை தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு 2004 மாடல் கொரோலா ஒன்றை வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 1இசட்இசட்-எஃப்இ என்ற 1794 சிசி இன்ஜின். இன்டேக் கேமில் மட்டும் விவிடி-ஐ உண்டு, கிராங்க் கோணத்தில் சுமார் 40 டிகிரி வரை நகரும். இந்த இன்ஜினுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு குறை இருக்கிறது. ஆரம்பகாலப் பிஸ்டன்களில் ஆயில் ரிங்குக்குப் பின்னால் ஆயில் வடியும் துளைகள் போதாமல், அவை கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். ரிங் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும். டொயோட்டா பின்னாளில் பிஸ்டன் வடிவத்தையே மாற்றியது.

ஃபில்டரோடு சேர்த்து இந்த இன்ஜின் கொள்ளும் ஆயில் சுமார் 3.7 லிட்டர்தான். அதில் ஒன்றரை லிட்டர் எரிந்து போனால் மீதி இருப்பது இரண்டு லிட்டரும் சொச்சமும். திருப்பங்களில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்றுக் குமிழி கலந்த ஆயில் அமுங்கும். அமுங்கும் ஆயிலால் ரோட்டரைச் சொன்ன இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது. கேம் கோணம் தடுமாறும், கம்ப்யூட்டர் கோடைப் பதிவு செய்யும். சர்வீஸ் செய்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று உரிமையாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு நான்கு மாதம் மிக நீண்ட காலம்.

‘ஆயில் லைட் எரியலையே’ என்ற பதில் அடிக்கடி கேட்கிறது. அந்த விளக்கு மிகத் தாழ்ந்த அழுத்தத்தில்தான் எரியும்; பேரிங்குகள் ஆபத்தில் இருப்பதைச் சொல்வது அதன் வேலை. வி.வி.டிக்குப் போதுமான அழுத்தம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இதே கொரோலா இன்ஜினுக்குச் சூடான நிலையில் ஐட்லிங்கில் குறைந்தது 0.3 கிலோ, 3000 ஆர்பிஎம்மில் 3 முதல் 5.5 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் அளவு. ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் ஒன்றை மாட்டினால் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். செயினைக் கழற்றும் முடிவுக்கு முன் இந்த அளவு எடுக்கப்படாத வேலையை அரைகுறை வேலை என்றே சொல்ல வேண்டும்.

ஆயில் அதிகமாக இருந்தாலும் இதே கோளாறு வரும். டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும்.

அடுத்தது தடிமன். ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது நம் ஊரில் நெடுநாள் பழக்கம். கார்புரேட்டர் காலத்து இன்ஜின்களில் அது நியாயமான வைத்தியமாகவும் இருந்தது. வி.வி.டி இன்ஜினில் அதே ஆயில் ஓசிவியின் மெல்லிய வழிகளிலும் ரோட்டரின் சின்னத் துளைகளிலும் புகுந்து போக வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் அது மெதுவாகத்தான் நகரும். கம்ப்யூட்டர் எதிர்பார்த்த நேரத்துக்குள் கேம் நகராது. கோடு விழுந்த நேரத்தில் இருந்த தண்ணீர் சூடு, ஆர்பிஎம், லோடு ஆகியவற்றை ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவு வைத்திருக்கும். காலைக் குளிரில் விழுந்த கோடு என்றால் தடித்த ஆயிலையும் அடைப்பையும் முதலில் சந்தேகிக்கலாம். நன்றாகச் சூடேறிய பின் ஐட்லிங்கில் விழுந்தது என்றால் அளவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கோடை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். அதனால் அழிக்கும் பட்டனைத் தொடும் முன் அந்தத் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

எந்தக் கோடு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பி0010 முற்றிலும் மின்சாரம் சம்பந்தப்பட்டது: ஓசிவியின் காயில், கனெக்டர், ஒயர். எலி கடித்த ஒயருக்குக் கேம் கியர் மாற்றிப் பயனில்லை. பி0011, பி0012 இரண்டும் கேம் சொன்ன இடத்தில் இல்லை என்பவை. பி0016 வேறு ரகம். கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்கிறது. செயின் நீண்டதையோ பல் தாண்டியதையோ சந்தேகிக்க வைப்பது அதுதான். பழைய டொயோட்டாக்களில் பி1349 என்று வந்தால் அதுவும் வி.வி.டி கோளாறுதான்.

இனி ஓசிவி. இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால், இந்தக் கொரோலாவுக்கு 20 டிகிரி சூட்டில் 6.9 முதல் 7.9 ஓம் வரை காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால், சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஓசிவிக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் சில நொடிகள் மட்டும் கொடுக்க வேண்டும். கேம் முழுக்க முன்னால் ஓடும்; இன்ஜின் உதறும் அல்லது அணைந்துவிடும். வயரை எடுத்ததும் ஐட்லிங் சீராகத் திரும்ப வேண்டும்.

இந்த ஒரு சோதனை சொல்லும் விஷயம் கொஞ்சநஞ்சமல்ல. கரண்ட் கொடுத்ததும் உதறி, எடுத்ததும் சீரானால் ஓசிவி, ஆயில் வழி, கேம் கியர் மூன்றுமே அந்த நேரத்தில் வேலை செய்கின்றன என்று பொருள். அப்போது தேட வேண்டியது ஒயரிங், சென்சார் அல்லது விட்டுவிட்டு வரும் ஆயில் குறைபாடு. கொடுத்தும் மாற்றமே இல்லை என்றால் வால்வைக் கழற்றி, கையில் வைத்து 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஸ்பூல் ‘டக்’ என்று முழுதாக நகர வேண்டும். பாதி நகர்ந்து நின்றால் கசடு. கார்ப் கிளீனரில் கழுவினால் பலமுறை சரியாகிவிடும். ஸ்பூல் நன்றாக நகர்ந்தும் இன்ஜினில் மாற்றமில்லை என்றால் ஆயில் அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது கேம் கியரே சிக்கியிருக்கிறது. கரண்டை எடுத்த பிறகும் உதறல் நிற்காவிட்டால் ஏதோ ஒன்று முன்னால் போன இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது.

ஆயில் போய்ச் சேராததற்குப் பலர் மறந்துவிடும் காரணம் ஒரு சின்னச் சல்லடை. கொரோலா இன்ஜினில் சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஒரு போல்டுக்குப் பின்னால், ஓசிவிக்குப் போகும் ஆயில் வழியில் அது ஒளிந்திருக்கிறது. விரல் நுனியளவு இருக்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினில் அதில் கறுப்புப் பிசின் அடைத்திருக்கும். புது ஓசிவி மாட்டியும் விளக்கு அணையாத வண்டிகளில் இந்தச் சல்லடையைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். ஹோண்டாவிலும் விடெக் சோலனாய்டின் அடியில் கேஸ்கெட்டோடு சேர்ந்த சல்லடை உண்டு. விடெக் வேலை செய்யும் விதம் வேறு; அங்கே ஆயில் அழுத்தம் கேமின் கோணத்தை மாற்றுவதில்லை, ராக்கர் ஆர்ம்களை ஒன்றோடொன்று பூட்டி வேறொரு கேம் மேட்டுக்கு மாற்றுகிறது. ஆனாலும் விடெக் கோடு வந்தால் முதல் படி ஆயில் அளவைப் பார்ப்பதுதான்.

கசடு கண்டவுடன் இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பல வருடக் கசடை ஒரே நாளில் கரைத்தால் அது கட்டிகளாகப் பெயர்ந்து, இதே சல்லடைகளிலும் ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரிலும் போய் உட்காரும். சரியான கிரேடு ஆயிலை ஊற்றி, 1500, 2000 கிலோமீட்டரில் ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை ஃபில்டரோடு மாற்றுவது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பான வழி. மோசமான நிலையில் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் கையால் துடைப்பதே மேல். விலை குறைந்த ஃபில்டர்களில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க ஆயில் கீழே வடிந்துவிடும்; காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேம் கியரிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். தேய்ந்த பூட்டு ஊசியும் அதே சத்தத்தைத்தான் தரும். இருநூறு, முந்நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றிப் பார்க்காமல் பல ஆயிரம் ரூபாய் கேம் கியரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

ஸ்கேனர் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்களில் சட்டைப்பை அளவு ப்ளூடூத் கருவி இணையாமலே போகலாம். இணைந்தாலும் பொதுவான கோடுகளை மட்டும் காட்டும். கம்ப்யூட்டர் கேட்ட கேம் கோணம், உண்மையில் கிடைத்த கோணம் என்ற இரண்டு எண்களைப் பார்க்க டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம், அல்லது லான்ச், ஆட்டெல் போன்ற பெரிய கருவிகள் தேவைப்படும். அந்த இரண்டு எண்களும் ஓட்டத்தில் ஒன்றையொன்று ஒட்டியே போனால் வி.வி.டி ஆரோக்கியமாக இருக்கிறது. கேட்டது 25, கிடைத்தது 25 என்று இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் பழுது வேறெங்கோ இருக்கிறது. ஏர் ஃப்ளோ சென்சாரையோ அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையோ பார்க்கலாம்.

கோடே விழாத பழுதும் உண்டு. பி.எம்.டபிள்யூவின் எம்54 ஆறு சிலிண்டர் இன்ஜினில் இரட்டை வானோஸ் அமைப்பின் பிஸ்டன் சீல்கள் ஒரு வகை ரப்பர். ஆயில் சூட்டில் அவை வருடக்கணக்கில் கெட்டிப்பட்டுச் சுருங்கும். ஆயில் கசியும், கேம் மந்தமாக நகரும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். செக் இன்ஜின் விளக்கு எரியாமலே இது பல வருடம் நீடிக்கும். சீல்களை மட்டும் மாற்றினால் போதும் என்ற இடத்தில் முழு வானோஸ் யூனிட்டுக்கும் பில் போடப்பட்ட கார்கள் உலகெங்கும் உண்டு.

செயினுக்கு வருவோம். டைமிங் செயின் ரப்பர் போல நீள்வதில்லை. ஒவ்வொரு ஊசியும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானமெல்லாம் கூடி நீளமாகத் தெரிகிறது. அதைத் தேய்ப்பதும் அழுக்கு ஆயில்தான். கழற்றிய செயினை இழுத்துப் பிடித்து அளந்தால் கொரோலா இன்ஜினுக்கு 16 கண்ணிகளின் நீளம் 122.7 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குறைந்தது மூன்று இடங்களில் அளக்க வேண்டும். கழற்றும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு சேனல் ஆஸிலோஸ்கோப்பில் கிராங்க், கேம் சிக்னல்களை ஒன்றாகப் பிடித்து, நன்றாக ஓடும் அதே மாடல் வண்டியின் பதிவோடு ஒப்பிடலாம். அந்த இன்ஜினின் கிராங்க் சக்கரத்தில் 36 பல்லில் இரண்டு இல்லை; அந்த இடைவெளியிலிருந்து கேம் சிக்னல் எத்தனையாவது பல்லில் எழுகிறது என்று எண்ணினால் போதும். ஒரு பல் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். பட்டறைக்கு வரும் நல்ல வண்டிகளின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் மெக்கானிக்குக்கு இரண்டு வருடத்தில் எந்தக் கம்பெனியும் விற்காத ஒரு பொக்கிஷம் கையில் இருக்கும்.

கேம் கியர் கடைசி. சென்னை புதுப்பேட்டையில் பழைய கேம் கியர்களும் ஓசிவிகளும் கிடைக்கின்றன. பழைய ஓசிவியை வாங்கும் இடத்திலேயே ஓம் பார்த்து, 12 வோல்ட் கொடுத்துச் சோதித்து வாங்கலாம். பழைய கேம் கியரின் பூட்டு ஊசி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதை மாட்ட செயினைக் கழற்ற வேண்டும், அந்தக் கூலி இரண்டாம் முறை திரும்பி வராது. ஆகவே கேம் கியர் மட்டும் புதிதாக இருப்பதே உத்தமம்.

இத்தனை சோதனைக்கும் நேரம் ஆகும். அரை நாள் போகலாம். ‘பார்த்ததுக்கு என்ன காசு’ என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை மெக்கானிக் பாகத்தில்தான் தன் வருமானத்தைத் தேட வேண்டியிருக்கிறது. தப்பான பாகங்கள் மாறுவதற்கு இதுவே பெரிய காரணம். அதில் பட்டறையின் அறியாமையைவிட உரிமையாளர்களின் சிக்கனத்துக்குப் பங்கு அதிகம். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கும் அதே ஆள் சோதனைக் கூலியையும் கொடுக்கப் பழக வேண்டும். பட்டறைச் சுவரில் ஸ்கேன் கட்டணம், ஆயில் அழுத்தச் சோதனைக் கட்டணம், ஸ்கோப் கட்டணம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் மாதம் சிலர் முகம் சுளிப்பார்கள். ஓசிவி வாங்காமல் ஒரு லிட்டர் ஆயிலில் சரியான வண்டிக்காரர் மறுமாதம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

வேலை முடிந்ததும் வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஐட்லிங், ஊருக்குள் ஓட்டம், நெடுஞ்சாலை மூன்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். பில்லின் பின்பக்கத்தில் கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் கிரேடு, லிட்டர் கணக்கு, ஆயில் அழுத்தம், ஓசிவியின் ஓம், சூடான இன்ஜினில் கேட்ட கோணம், கிடைத்த கோணம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஆயில் குடிக்கும் வண்டி என்றால் 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லி, எப்படிப் பார்ப்பது என்று உரிமையாளரின் கையாலேயே ஒருமுறை செய்யவையுங்கள்: சமதரை, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்து.

அன்புடன்,
பழைய கார் ஒன்றின் சொந்தக்காரர்